படைக்காத பொரி உருண்டை

ஒரு ஆடி மாதத்திலிருந்து கார்த்திகை வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் புளி வரவில்லை. கத்திரிக்காய் வரவில்லை, உருளைக்கிழங்கு வரவில்லை, கருவாட்டின் வாசனைகூட வரவில்லை. சர்க்கரை டப்பா பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. நாங்கள் இரண்டு பேரும் அப்படி என்ன பாவம் செய்துவிட்டோம் என்று யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நோய் எங்களுக்கு இல்லை. அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு. அவளைக் கலசபாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். அதில் பாதிக் காலம் அவளுக்குக் கை விரல்களில் மூட்டுக்கு மூட்டு வீக்கம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மடக்கிவிட்டால் நிமிராது. அந்த வருஷம் ஆடி பிறந்ததும் ஒரு தகரப் பெட்டியோடு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் தனியாக வந்து இறங்கினாள். மாமா அங்கேயே பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டாராம்.

புதுப்பெண்ணைத்தான் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைப்பார்கள். இத்தனை வருஷம் கழித்துப் பெட்டியோடு வந்தவளைப் பார்த்துத் தெருவே வாசலுக்கு வந்து, “ஆடிக்கு அழைச்சிருக்கீங்களா?” என்று அம்மாவிடம் விசாரித்தது. அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “ஆமா, எங்க வூட்ல வருசா வருசம் அழைப்போம்” என்றாள். அதற்கு முந்தைய வருஷம் அழைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. என் அம்மா அப்படித்தான். பொய் சொன்னால் முகத்தில் ஒரு கோடுகூட மாறாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தையைக் காணவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

“இங்க இன்னாத்துக்கு குந்தினு இருக்க?”

“பழக்கம் அண்ணி.”

புகுந்த வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். எல்லாரும் சாப்பிட்ட பிறகு பின்பக்கம்தான். முடக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுடைய மாமியாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தை இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அம்மா அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அத்தையை உள்ளே கூட்டிவந்து எங்கள் நடுவில் உட்கார வைத்தாள். அந்த அலுமினியத் தட்டு மறுநாளிலிருந்து மாவுப் பானைக்கு மூடியாகிவிட்டது.

அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையைக் கடைப்பையனிடம் விட்டுவிட்டு அத்தையை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை போட்டால் வலி குறைந்தது, ஆனால் வயிறு எரிந்தது. பிறகு யாரோ சொல்லி அடி அண்ணாமலையில் ஒரு நாட்டு வைத்தியரிடம் போனார்கள். அவர் தேய்த்துக்கொள்ள ஒரு தைலமும், குடிக்க ஒரு கஷாயமும் கொடுத்தார். அதெல்லாம் கம்மி, பத்தியம்தான் ஜாஸ்தி. புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது, கிழங்கு கூடாது, கருவாடு கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது, சர்க்கரை கூடாது, ராத்திரியில் தயிர் கூடாது. முடக்கத்தான் கீரை, முருங்கைக் கீரை, கொள்ளு, கேழ்வரகு, இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள் எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். ஏரி மீனைக் குழம்பு வைக்காமல் மஞ்சளும் மிளகும் போட்டு வேகவைத்துச் சாப்பிடலாம்.

இப்போது எனக்கே முழங்கால் பேசுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த இளம் டாக்டர், வீக்கத்தைக் குறைக்கிற சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது, மாத்திரையோடு அதையும் கடைப்பிடியுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். மஞ்சள், இஞ்சி, பூண்டு, கீரை, சின்ன மீன் என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாவம், தப்பாக நினைத்துக்கொண்டார். அந்தச் சாப்பாட்டை நான் ஒன்பது வயதிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டேன், எந்த வலியும் இல்லாமல்.

வைத்தியரிடம் போய்வந்த அன்றே அம்மா அத்தைக்காக ஒரு சின்னப் பானையில் தனியாகச் சமைத்தாள். எங்களுக்குக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அத்தைக்குக் கொள்ளு ரசமும் கீரையும். நல்லது செய்வதாகத்தான் அம்மா நினைத்தாள். ஆனால் அடுப்பில் இரண்டாவது பானையைப் பார்த்ததும் அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அவள் கொள்ளு ரசத்தைத் தொடவே இல்லை. எங்கள் காரக்குழம்பைக் கேட்டு வாங்கி, பிசைந்து, ஆசையோடு சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் காலையில் அவளால் சொம்பைத் தூக்க முடியவில்லை.

அம்மா கோபமாகக் கேட்டதற்கு அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எனக்குன்னு தனியா ஒல வெக்காதீங்க அண்ணி. அந்த வூட்லயும் எனக்குத் தனி ஒலதான். வலிச்சா வலிச்சிட்டுப் போவுது.”

அத்தை போனபின் அம்மா கையிலிருந்த வெங்காயத்தை நறுக்காமலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் வைத்தியரிடம் போகும்போது அம்மா தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். என்னையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். வைத்தியர் வீட்டு வாசலில் இறங்கியவுடன் அம்மா நொண்ட ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து வண்டிவரை விறுவிறுவென்று வந்தவள்தான். எனக்குப் பகீரென்றது. வண்டியில் வரும்போது கால் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

அத்தையின் விரல்களைப் பார்த்து முடித்ததும் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “எனக்கும் முட்டி வலிங்க. ரொம்ப நாளா. இவ மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல.”

வைத்தியர் அம்மாவின் முழங்காலை நோக்கிக் கையை நீட்டினார். கை படுவதற்கு முன்பே அம்மா, “ஐயோ அம்மா!” என்று கத்தினாள். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். தலையைக் குனிந்திருந்த அத்தையைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“உங்களுக்கும் அதே பத்தியந்தாம்மா. ஒரே வூட்ல ரெண்டு பேருக்கு வந்துட்டா, மொத்த வூடுமே இருந்துடறது நல்லது.”

அந்த மனிதரை நான் அன்றிலிருந்து வெறுத்தேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து பேருக்கும் ஊசி போடுகிற நியாயம் எந்த ஊரில் உண்டு?

இப்படித்தான் எங்கள் வீட்டில் புளி நின்றது. ஒரே அடுப்பு, ஒரே பானை. விடிந்தால் முடக்கத்தான் தோசை. அது பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறத்தில், லேசான கசப்போடு இருக்கும். கீரையைப் பறித்துவருவது என் வேலை. அந்தக் கொடி வேலி வேலியாகப் படர்ந்து கிடக்கும். அதன் காய் காற்றடைத்த பை மாதிரி இருப்பதால் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நெற்றியில் வைத்து டப்பென்று உடைத்து விளையாடுவோம். அதுவரைக்கும் அது எனக்கு மிகவும் பிடித்த செடி. கொடியைத் தின்னச் சொல்வார்கள் என்று யார் கண்டது?

மத்தியானம் கொள்ளு ரசம், முருங்கைக் கீரை. சில நாள் மஞ்சள் பூசிய மீன். ராத்திரி கேழ்வரகு அடை. காப்பிக்குப் பதில் சுக்குத் தண்ணீர். புளிப்புக்கு ஏங்கினால், “ரவ எலுமிச்சம்பழம் புழிஞ்சிக்கோ” என்று இரண்டு சொட்டுக்கு அம்மா பெரிய மனது பண்ணுவாள். தம்பி உருளைக்கிழங்கு கேட்டு அழுதழுது, கடைசியில் சேப்பங்கிழங்காவது கொடு என்று இறங்கிவந்தான். அதுவும் கிடைக்கவில்லை.

அப்பா வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் கடையிலிருந்து வரும்போது அவர் மீசையில் சாம்பார் மணந்தது. அம்மா தட்டை வைத்துக்கொண்டே, “இப்பல்லாம் சைக்கிள் செயினுக்கு வெங்காயம் போட்டுத்தான் எண்ணெ விடுறாங்களா?” என்று கேட்பாள். அப்பா தலையைத் தூக்காமல் கேழ்வரகு அடையைச் சாப்பிட்டு முடிப்பார். ஓட்டல் சாப்பாட்டுக்கு மேலே இந்தச் சாப்பாட்டையும் அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தங்கை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் அல்லவா.

அத்தையும் சாப்பிட்டாள். எல்லாருக்கும் ஒரே பானை என்றதும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. காலையில் எழுந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து நானும் என் விரல்களை மடக்குவேன்.

புரட்டாசியில் ஒரு நாள் அம்மாவுக்கு வேலை நெருக்கடி. எனக்குத் தலை பின்ன நேரமில்லை. “நான் பின்றேன் வா” என்று அத்தை என்னை இழுத்து உட்காரவைத்தாள். வெகுநேரம் ஆனது. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்தப் பின்னல் பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து முடிவதற்குள் அவிழ்ந்துவிட்டது. டீச்சர் என்னைப் பேய் மாதிரி இருக்கிறாய் என்றார். நான் வீட்டில் அதைச் சொல்லவில்லை. மறுநாளும் அத்தையிடமே போய் உட்கார்ந்தேன். ஐப்பசி முடிவதற்குள் அவள் பின்னிவிட்டால் புருவம் மேலே ஏறிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கம் வந்துவிட்டது. கண்ணை மூட முடியாமல் பள்ளிக்கூடம் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவின் முழங்கால் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வேகமாக நடந்துவருவாள், வாசலில் அத்தையைக் கண்டதும் நொண்டுவாள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதுவரை வலது காலை நொண்டிய அம்மா, அன்று இடது காலை நொண்டினாள். நோய் அடுத்த காலுக்கும் பரவிவிட்டது என்று பயந்துபோய் அத்தையிடம் ஓடினேன்.

அத்தை மடியில் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் கை நின்றது. “வாயு ஒரே எடத்துல நிக்காதுடி” என்றாள். பிறகு என் தாடையைப் பிடித்து, “உங்கம்மாகிட்ட இத கேக்காத. பாவம், ரொம்ப வலிக்கும்” என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவின் வலிக்காக அத்தை அழுகிறாளே என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. அன்றைக்கு அத்தை முடக்கத்தான் துவையலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் தேறிவருவதைத் தெருவும் கவனித்தது. தண்ணீர் பிடிக்கப் போனால், “கை நல்லாயிடுச்சே, இனிமே ஊருக்குப் போயிடுவ” என்பார்கள். ஆசீர்வாதம் போலத்தான் சொன்னார்கள். அத்தை சிரிப்பாள். கலசபாக்கம் பக்கத்திலிருந்து சைக்கிள் வாடகைக்கு எடுக்க வந்த யாரோ அப்பாவிடம் விசாரித்துவிட்டுப் போய் மாமாவின் காதிலும் சொல்லிவிட்டார்கள். தீபத்துக்கு மாட்டுச் சந்தைக்கு வருகிறேன், அப்படியே வீட்டுக்கும் வருகிறேன் என்று மாமா சொல்லியனுப்பினார். அதன்பின் அத்தை தைலம் தேய்க்கும்போது பேசுவதில்லை.

அத்தை போய்விடுவாள் என்பதே எனக்குத் தாங்கவில்லை. ஆனால் நோய் தீர்ந்தால் அவரவர் வீட்டுக்குப் போவதுதானே முறை என்றும் தோன்றியது. ஆஸ்பத்திரியில் அப்படித்தானே செய்கிறார்கள்.

கார்த்திகைத் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் தேரன்று பெரிய தேர் மாட வீதி சுற்றி நிலைக்கு வந்த பிறகு அம்மன் தேர் கிளம்பும். அம்மன் தேரைப் பெண்கள்தான் இழுப்பார்கள். அன்று நாங்களும் போனோம். அத்தை ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. கூட்டத்தில் அரோகரா என்று சத்தம் எழுந்து வடம் அசைந்ததும் அம்மா தன் முழங்காலை மறந்துவிட்டாள். அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் அவர்கள் புடவைகளைப் பற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வடம் என் தொடையளவு தடிமன். அத்தை முதலில் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி வடத்தின் மேல் அழுந்தின. இழுத்தாள். தேர் நகர்ந்தது. வீதி திரும்பும்வரை அவள் பிடியை விடவில்லை. தேர் நின்றபோது தன் இரண்டு கைகளையும் விரித்து வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அத்தை அழுதாள். அம்மாவும் அழுதாள். தேருக்குத் தேங்காய் உடைத்தவர்கள் எங்களுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

தீபத்தன்று அம்மா பத்தியத்துக்கு லீவு விட்டாள். பரணிலிருந்து டப்பாக்கள் இறங்கின. வெல்லப்பாகு காய்ச்சி நெல் பொரியில் ஊற்றி, அம்மாவும் அத்தையும் சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தார்கள். அத்தை பிடித்தவை அம்மா பிடித்தவற்றைவிடக் கெட்டியாக, உருண்டையாக இருந்தன. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வாயில் போட முடியாது. மலையில் தீபம் தெரிந்து, வீட்டில் விளக்கேற்றி, சாமிக்குப் படைத்த பிறகுதான். அதற்குமுன் வாசனை பார்த்தால்கூட அம்மா முதுகில் வைப்பாள். போன வருஷம் உதிர்ந்த பொரி ஒன்றைத் தின்றதற்கு எனக்கு விழுந்த அடி எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் ஆவதற்குள் மாமா வந்துவிட்டார். வேட்டியில் சந்தைப் புழுதி. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். எங்களுக்காக ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்பார்கள், எங்களுக்கு அது மல்லாட்டை. அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். சொம்பை இரண்டு கையாலும் அணைத்துக் கொண்டுவந்தாள். காலையில் அதே சொம்பை ஒரு கையால் தூக்கியவள்.

மாமா அப்பாவிடம் மாடுகளைப் பற்றிப் பேசினார். ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறாராம். பல் பார்த்தாயிற்று, குளம்பு பார்த்தாயிற்று, கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தாயிற்றாம். பேச்சோடு பேச்சாக அத்தையின் பக்கம் திரும்பினார்.

“கைய காட்டு.”

அத்தை நீட்டினாள். விரல்கள் ஆடி மாதத்தில் இருந்ததைப் போலக் கோணிக்கொண்டிருந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நல்லாயிடுச்சின்னு சொன்னாங்களே” என்றார் மாமா. அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. “அடுத்த மாசம் வெதப்பு. வெதைக்கு மல்லாட்டை ஒடைக்கணும். அம்மாவால ஒண்டியா முடியலன்னு சொல்றாங்க. இட்டுனு போலாம்னுதான் வந்தேன்.” பையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து அவள் முன்னால் தரையில் போட்டார். “எங்க, ஒண்ண ஒடை பாக்கலாம்.”

அத்தை மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு மல்லாட்டையை எடுத்தாள். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். மறுபடி நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் அத்தையைப் போய் ஒன்றும் ஆகாதவள் என்று நினைத்துவிடப் போகிறாரே! “மாமா, அத்தை அன்னிக்கு தேரு...” என்று எழுந்தேன்.

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. வாய் நிறைய பொரி உருண்டை. அம்மா எங்கிருந்து வந்தாள், எப்போது எடுத்தாள், எதுவும் தெரியாது. ஒரு முழு உருண்டையை என் வாயில் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படைக்காத உருண்டை. மலையில் தீபம் ஏறவில்லை, வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. அதுவும் அத்தை பிடித்த உருண்டை, கல் மாதிரி. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண் பிதுங்க நின்றேன்.

“தேருக்குக்கூட இட்டுனு போவ முடியலியேன்னு கொழந்தைக்கு ஒரே கொறைங்கண்ணா” என்றாள் அம்மா மாமாவிடம். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. “பத்தியம் இன்னும் முடியல. எப்ப முடியும்னு வைத்தியரே சொல்ல மாட்டேங்கறாரு.”

அப்பா கீழே கிடந்த மல்லாட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். பையை மாமாவிடமே நீட்டினார். “இருட்றதுக்குள்ள சந்தைக்குப் போனாத்தான் மாப்ள அந்த ஜோடி நிக்கும். தீபம் பாத்த ஒடனே வேற எவனாச்சும் ஓட்டினு போயிடுவான்.”

நான் அதிர்ந்துபோனேன். தீபத்தன்று வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைச் சாப்பிடக்கூடச் சொல்லாமல் அனுப்புகிறார் அப்பா. சாமி நைவேத்தியத்தை எச்சில் பண்ணுகிறாள் அம்மா. பெரியவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது.

மாமா போய்விட்டார். அந்த மாட்டு ஜோடியை வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதற்கு அடுத்த வருஷம் வேறு கல்யாணமும் செய்துகொண்டார். அத்தை எங்களோடேயே இருந்தாள். பின்னாளில் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்து, பெரிய அண்டாவில் சாதம் கிளறினாள். மழைக்காலத்தில் விரல் மறுபடி வீங்கும். உடனே புளி நிற்கும், முடக்கத்தான் வரும், எங்கள் எல்லாருக்கும்தான். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மா வடத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப்போனதால் அத்தையின் கை மறுபடி கெட்டுவிட்டது. பத்தியமெல்லாம் வீண்.

கொஞ்ச நேரத்தில் தெருவே எழுந்து நின்று மலையைப் பார்த்தது. உச்சியில் ஒரு பொறி தெரிந்தது, சட்டென்று பெரிதானது. அண்ணாமலைக்கு அரோகரா என்று எல்லாத் தெருக்களிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் கிளம்பியது. அத்தை வாசலில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றினாள். பல்லில் ஒட்டியிருந்த வெல்லத்தை நாக்கால் தள்ளிவிட்டு, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன்.

“இன்னாடி அவ்ளோ நேரம் வேண்டிக்கின?” என்று அத்தை என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

“உன் கை சரியாயி, மாமா திரும்பி வந்து உன்ன இட்டுனு போவணும்னு.”

எனக்குச் சொல்லும்போதே அழுகை வந்தது. அவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள்? இருந்தாலும் அவளுக்காகக் கேட்டிருந்தேன். என் வாழ்நாளில் எனக்கு வேண்டாததை அடுத்தவருக்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு முழங்காலையும் சுலபமாக மடக்கி. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையை நோக்கிக் கும்பிட்டாள்.

“சாமி, கொழந்த தெரியாம கேட்டுடுச்சி. காதுல வாங்கிக்காத.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓடப் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். உதறிப் பார்த்தேன், முடியவில்லை. விளக்குகள் எரிந்து முடியும்வரை அவள் விடவில்லை. என் விரலெல்லாம் வலிக்கும்படி அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்படிப் பிடிக்கிறவளால் ஒரு மல்லாட்டையை ஏன் உடைக்க முடியவில்லை என்று நான் மலையைப் பார்த்து யோசித்துக்கொண்டே நின்றேன்.